கொக்கியின் வாளி

முதல் அடியை அடித்தவள் அவள்தான். பின்னால் நடந்ததற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லலாம், மச்சான் மேல் பழி போடலாம், கூட்டத்தின் மேல் போடலாம். ஆனால் இதை மட்டும் யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம். முழ நீள ஸ்பேனரை இரண்டு கையாலும் தூக்கி, ஐம்பது வயது மனிதனின் தாடையில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

அந்தத் தொழிற்சாலையில் படம் பார்க்கிற அக்கா என்பதால் அவளைப் படக்கா என்பார்கள். பழைய மெஷின்களைப் பிரித்து, உள்ளே இருக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் பற்சக்கரம், உருளை, கிளிப் எல்லாவற்றையும் உருக்கி, மணி மணியாக்கி அனுப்புகிற இடம் அது. வெள்ளையில் இரண்டு ரகம் வரும். ஒன்று கெட்டியாக, விரலில் வழுக்கும். அதற்கு வழுக்கு என்றே பெயர். அதுதான் சரக்கு. இன்னொன்று தண்ணீர்க் குழாய் செய்கிற பிளாஸ்டிக்; அதைக் குழாய் என்பார்கள். பார்க்க இரண்டும் கூடப்பிறந்தவை மாதிரி இருக்கும், சேர்த்து வைத்தால் பங்காளிச் சண்டைதான். வழுக்கு உருகுகிற சூட்டில் குழாய்த் துண்டுகள் கொஞ்சம் விழுந்தாலும் போதும், எல்லாம் கொதித்து வாயுவாகி மெஷினைப் பிளந்துகொண்டு வெளியே வரும். உருக்கு மெஷின் பக்கத்துச் சுவரில் இதைச் சிவப்பு எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

இரண்டையும் பிரிப்பது படக்காவின் கேமரா. அது சும்மா கேமரா இல்லை. நம் கண் மூன்று நிறத்தை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறது. அவள் கேமராவுக்கு இருபத்தெட்டு. அதில் பாதிக்குமேல் நம் கண்ணுக்கு எட்டவே எட்டாது. ஆனால் இருபத்தெட்டையும் ஒவ்வொன்றாகப் படமெடுக்கும்வரை ஓடுகிற பெல்ட் காத்திருக்குமா? அதனால் கேமராவுக்குள் நகத்தளவு ஒரு கண்ணாடித் தட்டு வைத்திருந்தார்கள். அதில் பொடிப்பொடியாகக் கறுப்புக் கட்டங்கள். அதன் வழியாக வருகிற வெளிச்சத்தில் ஒவ்வொரு நிறமும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி விழுந்து, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து, கடைசியில் ஒரே ஒரு சாம்பல் படமாக நிற்கும். அந்தக் கலவையிலிருந்து இருபத்தெட்டையும் திரும்பப் பிரித்தெடுப்பது நெட்வொர்க், அவள் ஒரு வருஷம் உட்கார்ந்து பழக்கிய கம்ப்யூட்டர் மூளை. இருபத்தெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசியதைக் கேட்டுவிட்டு, யார் என்ன பேசினார்கள் என்று தனித்தனியாகச் சொல்கிற வேலை அது. தட்டில் எந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று அதற்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாவிட்டால் அத்தனையும் வெறும் இரைச்சல்.

பெல்ட்டுக்கு மேலே கல்யாண மண்டபத்துக் கதவு அளவுக்கு ஒரு திரை. வழுக்கு பச்சையாகத் தெரியும், குழாய் சிவப்பாகத் தெரியும். சிவப்பைக் காற்று பீச்சி வெளியே தள்ளிவிடும். தப்பித்தவறி ஏதாவது தாண்டிப் போனால் பிடிக்க, பெல்ட்டின் கடைசியில் ஒரு ஆள் இரும்புக் கொக்கியோடு நிற்பார். அவருக்குப் பெயரே கொக்கி. வாய் ஓயாத மனிதர். படக்காவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "உன் பொட்டி சோறு கேக்கல, லீவு கேக்கல, பொண்டாட்டிகிட்ட திட்டும் வாங்கல. அந்த வித்தையை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு தங்கச்சி" என்பார். அவளும் சிரிப்பாள்.

ஏழாம் தேதி சாயங்காலம் அவர் ஒரு வெள்ளைத் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் பாரேன். வழுக்கைக் கொக்கியால தட்டினா ணங்னு கேக்கும். இது தொப்புனு கேக்குது."

"திரை என்ன சொல்லுதுண்ணே?"

"பச்சைதான் சொல்லுது."

"அப்புறம் என்ன?"

எட்டாம் தேதி மறுபடி வந்தார். பத்தாம் தேதி மறுபடி. "வாளியில எடுத்து வெச்சிருக்கேன், ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போ" என்றார். அவளுக்கு எரிச்சல். திரையில் படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, ஒரு புள்ளி இரைச்சல் இல்லை. பதினோராம் தேதி ஷிப்ட் மாறுகிற நேரத்தில் முப்பது பேருக்கு நடுவில் அவர் நாலாவது தடவையாக வந்து நின்றபோது, அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, இருபத்தெட்டு நிறம் பார்க்கிற படத்தைவிட உங்க காது பெருசா? முதல்ல ஒரு காது டாக்டரைப் பாருங்க. இனிமே இதைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வராதீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கொக்கியும் சிரித்தார், ஆனால் துண்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போகும்போது யாரையும் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி பகல் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது உருக்கு மெஷின் வெடித்தது.

அந்த மெஷினில் நின்றவன் அவளுடைய தம்பி. அவள்தான் சொல்லி அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். மெஷினின் மூக்கு கழன்று எதிர்ச்சுவரில் போய்ப் பதிந்தது. அதன் பின்னாலேயே கொதிக்கிற வெள்ளைக் குழம்பு அவன் தோளிலும் கழுத்திலும் முகத்திலும் விழுந்து ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது, விழுந்த இடத்தில் இருந்தபடியே எரிக்கும். அவன் கத்திய கத்தல் முதலில் மனிதக் குரலாக இருந்து பிறகு அப்படி இல்லாமல் போனது. கண்ணைக் கரிக்கிற புகை கூடம் முழுக்கப் பரவி, ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். ஒருவன் கால் மிதிபட்டு முறிந்தது.

படக்கா கண்ட்ரோல் ரூமிலிருந்து ஓடி வந்தாள். புகைக்குள் அவள் பார்த்தது இதுதான்: தம்பி தரையில் கிடக்கிறான், கொக்கி அவனுக்கு மேலே குனிந்து நிற்கிறார், இரும்புக் கொக்கி தம்பியின் காலரில் மாட்டியிருக்கிறது. கடைசியில் நின்று பிடிக்க வேண்டிய ஆள். குழாயை உள்ளே விட்ட ஆள். அதற்குமேல் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள்; அவளுக்கு அந்த நிமிஷம் புத்தி என்று ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது. கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தாள்.

"என் தம்பியைக் கொன்னுட்டியேடா" என்றாள். வாழ்நாளில் அவரை டா போட்டது அந்த ஒரு தடவைதான்.

தாடை ஒரு பக்கமாகத் தொங்கிப்போன கொக்கி ஏதோ சொல்லப் பார்த்தார். வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை. படித்தவள், பொறுமைசாலி, யார்மேலும் கை ஓங்காதவள், அவளே அடித்துவிட்டாள் என்றால் அப்புறம் மற்றவர்களுக்கு என்ன தடை? ஒருவன் வயிற்றில் உதைத்தான். ஒருவன் முதுகில் பலகையால் அடித்தான். இரண்டு பேர் தலைமுடியைப் பிடித்து அவர் முகத்தை பெல்ட்டின் இரும்பு விளிம்பில் மோதினார்கள். நேற்று அவரோடு டீ குடித்தவர்கள். எப்படியோ உருவிக்கொண்டு எழுந்தவர், வாசல் பக்கம் ஓடாமல், கூடத்தின் கோடியில் இருந்த சாமான் அறைக்குள் ஓடித் தகரக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஒளியறான் பாரு. தப்பு பண்ணாதவன் எதுக்குடா ஒளியணும்?" என்றான் மச்சான்.

மச்சான் என்றால் தம்பி பெண்டாட்டியின் அண்ணன். ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுகிறவன். தங்கை வாழ்க்கை போச்சே என்கிற நினைப்பு அவனைப் பிசாசு மாதிரி பிடித்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்து தம்பியை ஏற்றிக்கொண்டு போனது. வீட்டிலிருந்து நேரே ஓடி வந்த அவன் மனைவியும் கூட ஏறிக்கொண்டாள். மேனேஜர் போலீசுக்கு போன் பண்ணுகிறேன் என்று வெளியே போனவர் போனவர்தான். கூட்டம் கதவைச் சுற்றி நின்றது. கதவு திறக்கவில்லை.

"இருங்க. அவர் விட்டதை நான் எடுத்துக் காட்டறேன். கேமராவுல எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு படக்கா கண்ட்ரோல் ரூமுக்குப் போனாள். உதவி செய்யப் போகவில்லை, அவரைத் தூக்கில் போடக் கயிறு தேடிப் போனாள். இதையும் மறைக்க வேண்டாம்.

பதினொன்றே முக்காலுக்கு எடுத்த படங்களைத் திறந்தாள். ஒரு சிவப்பு கொக்கியைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். அந்த ஒன்றைக் காட்டினால் போதும். பச்சை. அடுத்தது பச்சை. முந்நூறு படம் பார்த்தாள், எல்லாம் அழகழகான பச்சை. குழாய் எதுவும் பெல்ட்டில் வரவே இல்லை என்றது திரை. வராமல் மெஷின் எப்படி வெடிக்கும்?

படங்களை மூடிவிட்டுக் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தாள்.

இந்தத் தொழிலில் ஒரு சோதனை உண்டு. நெட்வொர்க் பிரித்துக் கொடுத்த இருபத்தெட்டு நிறத்தையும் எடுத்து, தட்டின் கட்டங்கள் வழியாக மறுபடி அனுப்பிக் கலந்து பார்ப்பது. கேமரா முதலில் எடுத்த சாம்பல் படமே திரும்பி வர வேண்டும். வந்தால் அது பார்த்ததைச் சொல்கிறது. வராவிட்டால் கதை விடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் இதைச் செய்தால் பெல்ட் கொஞ்சம் மெதுவாகும். மேனேஜர் வேகம் வேகம் என்று நச்சரித்ததில் ஆறு மாதத்துக்கு முன்னால் அவளே அதை நிறுத்தி வைத்திருந்தாள். படம்தான் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, இன்னும் என்ன சோதனை என்று. இந்தத் தப்பை ஒரு கறிக்கடைக்காரர் செய்யமாட்டார், ஒரு தச்சர் செய்யமாட்டார். அழகாக வந்தால் சரியாக வந்தது என்று நம்புவது படத்தோடேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் மட்டும் செய்கிற தப்பு.

வெளியே டமார் என்று ஒரு சத்தம். ஃபோர்க் லிஃப்ட் கதவில் மோதியது. அவள் சோதனையை ஓட்டினாள். இரண்டு சாம்பல் படங்களுக்கும் நடுவில் வித்தியாசம் எப்போதும் இரண்டைத் தாண்டாது. முப்பத்தொன்று என்று வந்தது.

பின்னோக்கிப் போனாள். பதினோராம் தேதி முப்பத்தொன்று. பத்தாம் தேதி முப்பது. ஏழாம் தேதி மதியம் முப்பத்தொன்று. ஏழாம் தேதி காலை ஒன்று புள்ளி எட்டு.

ஏழாம் தேதி மதியம் கேமராவில் தூசி என்று அவள்தான் அதைத் திறந்து துடைத்தாள். நகத்தளவுத் தட்டை இடுக்கியால் எடுத்து, ஊதி, திரும்ப வைத்தாள். ஒரு மூலையில் அடையாளத்துக்கு வெட்டு உண்டு, அதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். வைத்தது அவள் கைதான், வேறு யாருடையதும் இல்லை. இப்போது கம்ப்யூட்டரில் அந்தப் பழைய படங்களுக்கு மட்டும் கட்டங்களைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாள். ஒன்று புள்ளி ஒன்பது. அன்றைக்குத் தட்டைத் தலைகீழாக வைத்திருக்கிறாள். அதே பதினொன்றே முக்கால் படங்கள் மறுபடி விரிந்தன. பச்சைக்கு நடுவில் பதினோரு சிவப்பு.

ஐந்து நாளாக அவள் நெட்வொர்க்குக்குக் காதே கேட்கவில்லை. கேட்காததை அது ஒத்துக்கொள்ளவும் இல்லை. இந்த பெல்ட்டில் வழக்கமாக என்ன வருமோ அதையே சொல்லிக்கொண்டிருந்தது. உருவம் சாம்பல் படத்திலேயே இருந்ததால் துண்டெல்லாம் துண்டாகத்தான் தெரிந்தது, நிறத்தை மட்டும் அது தானாகப் போட்டுக்கொண்டது. வருகிற வெள்ளை அநேகமாக எல்லாமே வழுக்கு என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு ஆளைத் தவிர.

இரண்டாவது டமார் கேட்டது. இந்தத் தடவை தகரம் கிழிந்த சத்தமும் சேர்ந்து வந்தது.

"நிறுத்துங்க. அவர் இல்ல" என்று கத்திக்கொண்டே ஓடினாள். ஃபோர்க் லிஃப்ட்டின் இரண்டு இரும்பு நாக்கும் கதவைத் துளைத்திருந்தன. மச்சான் வண்டியைப் பின்னால் எடுத்து மூன்றாவது மோதலுக்குத் தயாராக நின்றான்.

"உள்ள சத்தமே இல்ல பாரேன். நெஞ்சழுத்தம்" என்றான் ஒருவன்.

"தள்ளுக்கா" என்றான் மச்சான்.

"அவர் எதையும் விடலடா. கேமராதான் தப்பா காட்டிச்சு. நான் தட்டை மாத்தி வெச்சுட்டேன்."

"தம்பி போற நிலைமையில உனக்கு மூளை கலங்கிடுச்சு. உன் படம் தப்பு பண்ணாதுன்னு நேத்துதான் எங்க எல்லார் முன்னாடியும் சொன்ன."

சொன்னாள்தான். மாதக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அவர்கள் தலையில் ஏற்றியதை ஐந்து நிமிஷத்தில் எப்படி இறக்குவது? முப்பத்தொன்று, ஒன்று புள்ளி எட்டு என்றால் அவர்களுக்கு என்ன விளங்கும்? மச்சான் கியரைப் போட்டான். ஒருவன் அவள் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்து விடுவித்துக்கொண்டு, நின்றுபோன பெல்ட்டின்மேல் ஏறி, முழங்காலில் தவழ்ந்து கேமராவுக்குக் கீழே போய்த் தன் வலது கையை விரித்து நீட்டினாள்.

"மேல பாருங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

பார்த்தார்கள். அவள் கை நிஜத்தில் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். முழங்கைவரை கொக்கியின் ரத்தம், நகக்கண்ணில்கூட ரத்தம். திரையில் ஐந்து விரலோடு ஒரு கை பளிச்சென்று பச்சையாக இருந்தது. ஓரத்தில் எழுத்து: வழுக்கு, நல்ல சரக்கு, தொண்ணூற்றொன்பது சதவீதம்.

மச்சான் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தான்.

"அப்ப யாருக்கா?" என்றான்.

"நான்தான்."

அவன் இறங்கி வந்து அவளைப் பெல்ட்டிலிருந்து இழுத்துக் கீழே போட்டு அறைந்தான். இன்னொரு அறை. உதடு கிழிந்தது. அவள் தடுக்கவில்லை, வாங்கிக்கொண்டாள். "கதவைத் திறங்கடா முதல்ல" என்று மட்டும் சொன்னாள்.

கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ முட்டுக் கொடுத்திருந்தது. நாலு பேர் சேர்ந்து தள்ளியபோது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. முட்டுக் கொடுத்திருந்தது கொக்கிதான். கதவில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது மோதலில் இரும்பு நாக்கு தகரத்தையும் அவர் முதுகையும் ஒன்றாகத் துளைத்துவிட்டு வெளியே வந்திருந்தது. கண் திறந்திருந்தது, உயிர் இல்லை. நெஞ்சழுத்தம் என்று சொன்னவன் சுவரோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டான்.

அவர் மடியில் ஒரு நீல வாளி சாய்ந்து கிடந்தது. அதற்காகத்தான் அந்த அறைக்கு ஓடியிருக்கிறார். ஒளிவதற்கு இல்லை. வாய் உடைந்த பிறகு பேச முடியாமல், எடுத்துவந்து காட்டலாம் என்று ஓடியிருக்கிறார். கதவைத் திறந்து வெளியே வர விடாமல் கூட்டம் சுற்றி நின்றது.

வாளியில் வெள்ளைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் குண்டு குண்டு எழுத்தில் தேதி. படக்கா மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். ஏழாம் தேதி, தங்கச்சிகிட்ட சொன்னேன். எட்டாம் தேதி, தங்கச்சிகிட்ட சொன்னேன். பத்தாம் தேதி, சொன்னேன், அப்புறம் வரேன்னா. பதினோராம் தேதி, சொன்னேன். பன்னிரண்டாம் தேதி போட்ட துண்டுகள் ஆறு இருந்தன. அவற்றில் தேதி மட்டும்தான் இருந்தது. வராதீங்க என்று அவள் சொன்னாள், அவர் வரவில்லை.

முந்தின நாட்களில் ஒன்றிரண்டாக வந்ததை அவரே எடுத்துவிட்டார், பன்னிரண்டாம் தேதிதான் குவியலாக வந்திருக்கிறது. அதிலும் ஆறைத் தன் கொக்கியால் தடுத்திருக்கிறார். படத்தில் அவள் பார்த்த பதினொன்றில் ஆறு. மிச்சம் ஐந்து ஒரு மனிதனின் காதுக்கும் கைக்கும் தப்பிப் போயிருக்கிறது.

அவருடைய கைகளை அவள் அப்போதுதான் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, வெள்ளைப் பிளாஸ்டிக் திட்டுத் திட்டாக ஒட்டி இறுகியிருந்தது.

மச்சானின் போன் அடித்தது. அவன் எடுத்துப் பார்த்தான், தங்கை. படக்காவிடம் நீட்டினான்.

"அண்ணி, பொழச்சுக்குவார்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்று தம்பி மனைவி அழுதுகொண்டே சொன்னாள். "கண்ணும் தப்பிச்சிருச்சாம். கொக்கி அண்ணன்தான் காப்பாத்தினாராம் அண்ணி. காலர்ல கொக்கியை மாட்டி வெளிய இழுத்துப் போட்டு, முகத்துல ஒட்டினதை வெறுங்கையால வழிச்சு எடுத்தாராம். வாயைத் திறந்ததும் முதல்ல அதைத்தான் சொன்னார். அவர் கை என்ன ஆச்சோ, முதல்ல அவருக்கு வைத்தியம் பாருங்கன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னார். கேட்டுக்கிட்டே இருக்கார். என்ன சொல்லட்டும்?"

படக்காவுக்குப் பொய் ஒன்று வாய்வரை வந்தது. நல்லா இருக்கார், கட்டுப் போட்டிருக்கு என்று. தெளிவான, அழகான பொய்.

"அவன்கிட்ட சொல்லும்மா" என்றாள். "கொக்கி அண்ணனை உங்கக்கா கொன்னுட்டான்னு சொல்லு."

போனை மச்சானிடம் திருப்பிக் கொடுத்தாள். வெளியே போலீஸ் வண்டி வந்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. துண்டுகளைத் தேதி வாரியாக வாளிக்குள் திரும்ப எடுத்து வைத்தாள்.